இரண்டு ஊசி, ஒரு நூல்: கூடியிருந்து பின்னப் பழகுவோம்

நிலபுலத்தை விட்டுவந்து பிறர் காணியில் கொட்டில் போட்டிருக்கும் ஒரு குடும்பத்திடம் போய், "பொழுதுபோக்காகப் பின்னல் வேலை பழகுங்கள்" என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயமே. "உலைக்கு அரிசி இல்லை, இவர் பொழுதுபோக்கைப் பற்றிக் கதைக்கிறார்" என்று கேட்பார்கள். ஆயினும் இந்த இதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

கமக்காரரின் ஆண்டு வேலைகளால் பங்கிடப்பட்டது. காலபோகத்துக்கு உழவு, விதைப்பு, களையெடுப்பு, காவல். பின்னர் அரிவி வெட்டு, சூடடிப்பு. தண்ணீர் உள்ள இடத்தில் சிறுபோகம். இடையில் மிளகாய், வெங்காயம், வேலியடைப்பு. அந்த வாழ்வில் பொழுதைப் போக்க வேண்டிய தேவை இருந்ததில்லை, பொழுதுதான் போதாமலிருந்தது. 1990இலும் 1995இலும் 2009இலும் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள் பலர், பசியையும் பயத்தையும் சொன்ன பின்னர், கைக்கு வேலையில்லாமல் கிடந்த நீண்ட பகல்களையும் சொல்கிறார்கள். உழைத்துப் பழகிய கைகளுக்கு வேலையின்மை ஓய்வு ஆகாது. இந்தப் பாடம் அந்தக் கைகளுக்கானது. வருமானத்துக்கான பாடம் அல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். ஏன் என்பதைப் பின்னர் கணக்குப் போட்டே காட்டுவோம்.

எந்தப் பின்னல்?

பின்னல் வேலை என்றதும் பாய், பெட்டி, கடகம் என்பனவே நமக்கு நினைவுக்கு வரும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு ஊசிகளால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துத் தொப்பி, காலுறை, சுவெற்றர் முதலியவற்றைச் செய்யும் வேலை. பட்டணங்களில் இதை 'நிற்றிங்' என்பார்கள். ஒற்றைக் கொக்கி ஊசியால் செய்யும் 'குறோசே' இதற்கு உறவுமுறையானது, ஆனால் வேறு வேலை.

பாயிலே ஓலைகள் ஒன்றுக்கு மேலும் கீழுமாக மாறி மாறிப் போகின்றன. மீன்வலையிலே ஒவ்வொரு கண்ணும் முடிச்சினால் இறுகி நிற்கிறது. நிற்றிங்கில் முடிச்சு இல்லை. ஒரு கண்ணியின் ஊடாக அடுத்த கண்ணி இழுக்கப்பட்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதனால்தான் அத்துணி இழுபட்டுப் பின் சுருங்குகிறது. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால், அதற்குக் கீழேயுள்ள கண்ணிகளும் ஏணிப்படி போல அவிழ்ந்துகொண்டு போகும். அதே காரணத்தால், பிழைவிட்ட துண்டை உருவி, நூலை மறுபடி பந்தாகச் சுற்றி, புதிதாகத் தொடங்கவும் முடியும். ஒருமுறை மடித்துப் பின்னிய ஓலையை அப்படிப் பாவிக்க முடியாது. பழகும் காலத்தில் பொருள் வீணாகாத கைவேலைகள் அதிகமில்லை.

இது குளிர் நாட்டு வேலையல்லவா என்று கேட்கலாம். இன்று கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நிற்றிங் துண்டுகள் எகிப்திலிருந்து வந்தவை. அவை ஏறக்குறைய 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அவற்றிலே நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில் பின்னிய காலுறைகள் உள்ளன. வெயில் நாட்டிலே, பருத்தி நூலிலே கைதேர்ந்தவர்கள் செய்த வேலை அது. கம்பளியும் குளிரும் பிறகு சேர்ந்தவை.

அயல் வீட்டு அடுப்படியில்

இங்கிலாந்தில், 1974 வரை யோர்க்ஷயரைச் சேர்ந்திருந்த டென்ற் என்ற மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கிருந்த சிறு கமக்காரக் குடும்பங்கள் காலுறையும் தொப்பியும் பின்னி விற்றே குறைவயிற்றை நிரப்பின. தாயும் தகப்பனும் பிள்ளைகளும், கிழவர்களும் பின்னினார்கள். இடுப்புப் பட்டியில் ஒரு மரத்தடியைச் செருகி, அதிலே ஓர் ஊசியின் அடியைப் பொருத்திக்கொள்வார்கள். ஒரு கை ஓரளவு விடுபட, வேலை வேகமாய் ஓடும். மாலையானால் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே நெருப்பும் விளக்கும் எரிக்க வசதியில்லை. ஆகவே இன்று ஒரு வீடு, நாளை அயல் வீடு என்று முறைவைத்து ஒரே அடுப்பைச் சுற்றி இருந்து பின்னினார்கள். கதை சொன்னார்கள், கண்ணிகளை எண்ணுவதற்கு ஏற்றபடி பாட்டும் படித்தார்கள். விறகையும் விளக்கையும் மிச்சம்பிடிக்கக் கூடிய கூட்டந்தான் அது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதியவர்கள் காலுறையைவிட அந்த மாலைப்பொழுதுகளையே கூடுதலாக நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இது பெண்களின் வேலை என்ற எண்ணமும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பிரான்சின் தென்மேற்கில் லாண்ட் என்ற சதுப்பு நிலப் பகுதியில், ஆட்டு மந்தையைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்காக மேய்ப்பர்கள் உயர்ந்த பொய்க்கால்களில் நின்றபடியே பின்னினார்கள். தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலே, திதிகாகா ஏரியிலுள்ள தக்கீலே தீவில், படிப்படியாக வெட்டிய மலைத்தோட்டங்களில் பயிர்செய்யும் ஆண்களே தங்கள் காதுமூடித் தொப்பிகளைப் பின்னுகிறார்கள். நெசவில் பெரும்பங்கு பெண்களுடையது. அந்தத் தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. எனவே சனசமூக நிலையத்து வாங்கில் இருக்கும் நம் ஐயாமாரும் தம்பிமாரும் ஊசியைப் பிடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உழவுமாட்டுக்கு மூக்கணாங்கயிறு திரித்த விரல்களுக்கு இது கடினமும் அல்ல.

மேல்நாடுகளில் இவ்வேலை ஒரு காலத்தில் பாட்டிமாரின் வேலையாக ஒதுங்கிப்போயிற்று. அதை மறுபடி கிளப்பியவர்களில் எலிசபெத் சிம்மர்மன் ஒருவர். இங்கிலாந்தில் பிறந்து, ஜெர்மானியரான கணவருடன் 1937இல் அமெரிக்காவில் குடியேறியவர். கண்ணி எண்ணிக்கையைக் கண்மூடிப் பின்பற்றாமல், கணக்கை விளங்கிக்கொண்டு தன் கையளவுக்குப் பின்னச் சொல்லிக்கொடுத்தார். 1974இலிருந்து பின்னுவோரை ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூட்டினார். அக்கூட்டத்துக்கு 'பின்னல் முகாம்' என்று பெயர். (முகாம் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. விரும்பிப் போய், விரும்பியபோது திரும்பிவரும் முகாமும் உலகத்தில் உண்டு.) 1999இல் நியூயோர்க்கில் டெபி ஸ்ரோலர் என்ற பெண்மணி இளையவர்களைச் சேர்த்து ஒரு குழுவைத் தொடங்கி, 2003இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அதன் பின்னர் தேநீர்க் கடைகளிலும் புகைவண்டிகளிலும் இளையவர்கள் கூடிப் பின்னுவது பரவிற்று. 2005 முதல் ஜூன் மாதத்தில் பொது இடங்களில் இருந்து பின்னுவதற்கென்றே உலக அளவில் ஒரு நாளும் குறிக்கப்பட்டிருக்கிறது. 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், நீரில் பாயும் போட்டியில் தங்கம் வென்ற பிரித்தானிய வீரர் ரொம் டேலி, பார்வையாளர் வரிசையில் இருந்து பின்னிக்கொண்டிருந்ததை உலகமே பார்த்தது. அவர் இதைப் பழகியது 2020இல். பதக்கம் கீறுபடாமல் வைக்க ஒரு சிறு பையையும் தாமே பின்னிவைத்திருந்தார்.

பின்னுவோர் 3,500 பேருக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வொன்று 2013இல் பிரித்தானியாவில் வெளியானது. அடிக்கடி பின்னுவோர் கூடுதலான மன அமைதியைக் கூறினர் என்றும், குழுவாகப் பின்னுவோருக்குப் பிறருடன் பழகுவது எளிதாயிற்று என்றும் அது சொல்கிறது. கேட்கப்பட்டவர்கள் ஏற்கெனவே பின்னுவதை விரும்பியவர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. நித்திரையின்மைக்கும் ஆறாத துயரத்துக்கும் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். ஊசியும் நூலும் மருந்தல்ல.

விற்கலாமா?

இடம்பெயர்ந்த மக்களிடம் எந்தக் கைவேலையைக் கொண்டுவந்தாலும் 'சுயதொழில்' என்ற சொல்லும் கூடவே வருகிறது. ஆகவே கணக்கைப் பார்ப்போம். பெரியவர் ஒருவரின் சுவெற்றரில் ஏறத்தாழ 50,000 கண்ணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் பழகிய ஒருவர் நிமிடத்துக்கு 25 கண்ணி பின்னினால் 2,000 நிமிடம் ஆகும். 33 மணித்தியாலத்துக்கு மேல். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் என்றால் நான்கு நாளைக்கும் கூடுதலான வேலை. உங்கள் ஊரின் நாட்கூலியை நான்கால் பெருக்கி, நூல் விலையையும் கூட்டிப் பாருங்கள். அந்த விலைக்கு யார் வாங்குவார்? இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரத்தை அமைத்தது 1589இல். கையால் பின்னுவோர் அன்றிலிருந்தே இயந்திரத்தோடு போட்டிபோடுகிறார்கள்.

ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் கதையையும் அறிந்திருப்பது நல்லது. அங்குள்ள பெண்கள், அடுப்பெரிக்கும் சதுப்பு மண்கட்டிகளைக் கூடையில் முதுகிலே சுமந்து நடக்கும் வேளையிலும் பின்னினார்கள். அவர்களுடைய வேலை அழகுக்குப் பேர்போனது. வியாபாரிகளோ கூலியைப் பணமாகக் கொடுக்காமல் தேயிலையும் துணியுமாகக் கொடுத்தார்கள். வீட்டில் மாவில்லை, கையில் காசில்லை. கிடைத்த தேயிலையை அயலாரிடம் கொடுத்து மாவுக்கு மாற்ற வேண்டிய நிலை. 1872இல் வெளியான அரச விசாரணை அறிக்கையில் அப்பெண்களின் வாக்குமூலங்கள் பதிவாகியிருக்கின்றன. "நூல் நாங்கள் தருகிறோம், நீங்கள் பின்னித் தாருங்கள்" என்று யாராவது உங்களிடம் வந்தால், ஒரு துண்டுக்கு எத்தனை மணித்தியாலம் செல்கிறது, கூலி காசாக எந்த நாளில் வரும், பழுது என்று தள்ளினால் நட்டம் யாருக்கு என்பவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித்தர மறுப்பவருக்கு வேலை செய்யாமல் விடுவதே நல்லது.

வீட்டுப் பாவனைக்கும் அன்பளிப்புக்கும் பின்னுவதில் இந்தக் கணக்கு ஒன்றும் வராது.

முதற் பாடம்

ஊசிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. காய்ந்த மூங்கிலைச் சீவி, 4 மில்லிமீற்றர் தடிப்பும் 30 சென்ரிமீற்றர் நீளமுமான இரண்டு குச்சிகள் எடுங்கள். ஒரு முனையைப் பென்சில் போலக் கூராக்கி, மிகக் கூராக விடாமல் சற்று மழுக்குங்கள். நூல் சிக்காதபடி சான்ட்பேப்பரால் தேய்த்து, மெழுகுதிரியை உரசிப் பழந்துணியால் துடைத்தால் வழுவழுப்பாகும். மறுமுனையில் றப்பர் பட்டியைத் தடிப்பாகச் சுற்றினால் கண்ணிகள் கழன்று விழா. சைக்கிள் சில்லின் கம்பியையும் சிலர் ஊசியாக்குவார்கள். அது 2 மில்லிமீற்றர் அளவுதான். மெல்லிய நூலுக்கு ஆகும், தொடக்கக்காரருக்கு ஆகாது. நூல் தடித்த பருத்தி நூலாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கட்டும். கறுப்பிலும் கடுநீலத்திலும் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா.

நூல் நுனியிலிருந்து ஒரு சாண் விட்டு, இழுத்தால் இறுகும் சுருக்கு ஒன்றைப் போட்டு இடக்கை ஊசியில் ஏற்றுங்கள். இது முதலாவது கண்ணி. இனிக் கற்கவேண்டியது நான்கே அசைவுகள்: குத்து, சுற்று, இழு, விடு.

குத்து: வலக்கை ஊசியின் முனையைக் கண்ணியின் முன்புறத்தால் உள்ளே விட்டு, இட ஊசிக்குப் பின்னால் வெளியே எடுங்கள். இரண்டு ஊசியும் பெருக்கல் குறி போல நிற்கும். சுற்று: பந்திலிருந்து வரும் நூலை, பின்புறத்திலிருந்து வல ஊசி முனைக்குக் கீழாக எடுத்து, இரு ஊசிகளுக்கும் நடுவால் கொண்டுவாருங்கள். இழு: சுற்றிய நூலை வல ஊசி முனையால் பற்றி, கண்ணியின் ஊடாக முன்னுக்கு இழுங்கள். வல ஊசியில் ஒரு புதுக் கண்ணி வந்திருக்கும்.

கண்ணி ஏற்றும்போது 'விடு' இல்லை. பழைய கண்ணி இட ஊசியிலேயே இருக்க, புதுக் கண்ணியையும் கொண்டுபோய் அதன் பக்கத்தில் மாட்டுங்கள். கடைசியாக மாட்டிய கண்ணியில் மறுபடி குத்துங்கள். இப்படி 30 கண்ணி ஏறும்வரை செய்யுங்கள். இறுக்கிவிடாதீர்கள், தொடக்கக்காரர் பத்துப் பேரில் ஒன்பது பேர் இறுக்குவார்கள், பிறகு ஊசி நுழையாமல் அந்தரப்படுவார்கள்.

இனிப் பின்னலாம். முதற் கண்ணியில் குத்தி, சுற்றி, இழுத்தபின், பழைய கண்ணியை இட ஊசியிலிருந்து கழற்றி விடுங்கள். புதுக் கண்ணி வல ஊசியில் தங்கும். 30 கண்ணியும் இப்படி வலப்பக்கம் வந்தால் ஒரு வரி முடிந்தது. ஊசிகளைக் கைமாற்றிப் பிடித்து அடுத்த வரியைத் தொடங்குங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் எண்ணுங்கள். "அக்கா, எனக்கு முப்பத்திரண்டு வருகுது" என்று ஒருவர் சொல்லாமல் எந்த வகுப்பும் நடப்பதில்லை. வரித் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் போனால் முதற் கண்ணி இரண்டாகத் தோன்றும். நூலைக் கீழே தொங்கவிட்டுத் தொடங்கினால் சரிவரும். நடுவில் ஓட்டை விழுந்து எண்ணிக்கை கூடினால், நூல் முன்புறமாக வந்துவிட்டது என்று பொருள். எண்ணிக்கை குறைந்தால் எங்கோ ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. உடனே ஒரு சிறு குச்சியை அதில் மாட்டி, ஏணி இறங்காமல் தடுத்துவிட்டு உதவி கேளுங்கள்.

இரண்டு வரிக்கு ஒரு வரம்பு எழும்பும், வயலில் பார்ப்பது போலவே. 30 கண்ணிக்கு 30 வரம்பு வந்தால் துண்டு ஏறக்குறையச் சதுரமாகும். மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். விளிம்புகள் பொருந்தினால் போதும். முடிப்பதற்கு இரண்டு கண்ணி பின்னி, முதலாவதைத் தூக்கி இரண்டாவதற்கு மேலாகக் கழற்றி விடுங்கள். இன்னொன்று பின்னி, மறுபடி அப்படியே. கடைசி ஒன்று மிஞ்சும்போது நூலை வெட்டி அதன் ஊடாக இழுத்துவிட்டால் அவிழாது.

இந்தச் சதுரம் சூட்டுச் சட்டியை இறக்கும் பிடிதுணியாகும். இரண்டாக மடித்துத் தைத்தால் இன்னும் நல்லது. பருத்தியாயிருந்தால் மட்டுமே. கடையில் 'ஊல்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் செயற்கை இழை. சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். அடுப்படிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

எப்படிக் கூடுவது?

ஆறு பேர், எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். மர நிழல் போதும். பின்னேரம் வெயில் தாழ்ந்தபின் ஒரு மணித்தியாலம், கிழமைக்கு இரண்டு நாள். தெரிந்தவர் பழகுபவருக்கு எதிரே இருக்காமல், அருகில் ஒரே திசையைப் பார்த்து இருந்து காட்ட வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவரை மட்டும் எதிரே இருத்துங்கள். கண்ணாடியில் பார்ப்பது போல அவருக்குச் சரியாக விளங்கும். குழந்தைகள் ஓடித்திரியும் இடத்தில் ஊசி முனைகளுக்குக் கவனம் தேவை.

வரவு இடாப்பு, கூட்ட அறிக்கை, சந்தா எதுவும் வைக்காதீர்கள். இடம்பெயர்ந்தவர்கள் எங்கே கூடினாலும் பெயர் பதிந்து, குடும்ப அட்டை காட்டி, கையொப்பம் வைத்தே கூடிப் பழகிவிட்டார்கள். ஒன்றும் பதியாத, ஒன்றும் பங்கிடாத ஒரு கூட்டமாக இது இருக்கட்டும். யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டுத் துருவவும் வேண்டாம். பின்னும்போது கண் கையில் இருப்பதால், ஒருவர் ஒரு மணித்தியாலம் வாய் திறவாமல் இருந்தாலும் அது குறையாகத் தெரியாது. கதைக்க நினைத்தவரும் முகத்தைப் பார்க்காமலே கதைக்கலாம். சிலர் மூன்றாம் கிழமைதான் வாய் திறப்பார்கள். விதைநெல்லைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் பேச்சு வரும், வரட்டும்.

சதுரங்கள் பழகியபின் ஆறு பேரும் இரண்டிரண்டாகப் பின்னினால் பன்னிரண்டு துண்டு. மூன்று மூன்றாக நான்கு வரிசை வைத்துத் தைத்தால் ஒரு சிறு விரிப்பு ஆகும். கைக்குக் கை இறுக்கம் வேறுபடுவதால் எல்லாம் ஒரே அளவில் வரா. பெரியதைச் சற்றுச் சுருக்கியும் சிறியதை இழுத்தும் தைத்துக்கொள்ளலாம். எந்தத் துண்டு யாருடையது என்று பின்னியவர்களுக்கு எப்போதும் தெரியும்.

நூலுக்குக் காசு இல்லையென்றால், உதவிப் பொதிகளில் வரும் பழைய சுவெற்றர்களைப் பாருங்கள். தோளிலும் பக்கத்திலும் உள்ள தையலைப் பிரித்து, கழுத்துப் பக்க நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் வரி வரியாக உருவிக்கொண்டு வரும். ஓரங்கள் கத்தரியால் வெட்டித் தைத்ததாக இருந்தால் துண்டு துண்டு நூலே மிஞ்சும், அதைத் தொடாதீர்கள். உருவிய நூல் சுருள் சுருளாக இருக்கும். கதிரை முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்து, கீழ்ப்பக்கம் சிறு பாரம் தொங்கவிட்டு நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் நேராகிவிடும். பந்தாகச் சுற்றும்போது மூன்று விரலை உள்ளே வைத்துச் சுற்றி, பிறகு விரலை உருவிவிடுங்கள். நூல் இறுகாமல் இருக்கும்.